எத்தனையாவது படி

ஜனவரி 20, திங்கள்

இது போன வருஷத்து டைரி. துறை அலமாரியில் ஒரு கட்டு அப்படியே கிடந்தது. பழைய பேப்பர்காரருக்குப் போடச் சொன்னார்கள். போட்டேன், ஒன்றைத் தவிர. இதில் ஒரு கிழமைகூடப் பொருந்தவில்லை. அடித்து அடித்து மேலே எழுதுகிறேன்.

என் பெயர் செண்பகவடிவு. பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டுப் பொருளியல் துறையில் பெருக்கித் துடைத்து டீ போட்டுக் கொடுக்கிற வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. வாசல் பலகையில் ‘பயன்பாட்டு’ என்று பெரிசாக எழுதியிருக்கிறது. உள்ளே தினமும் பயன்படுவது என் விளக்குமாறு ஒன்றுதான் என்று ஞானதுரை சாரிடமே சொல்லியிருக்கிறேன். அவர்தான் பேராசிரியர். சிரிப்பார். நல்ல மனுஷன்.

இன்று அவர் கூப்பிட்டு, “செண்பகம், நாளைக்கழிச்சு பரக்கத்தோட ஊருக்குப் போகணும்மா” என்றார்.

“என்ன சார், என்னையும் டாக்டர் ஆக்கப் போறியளா?”

“ஆக்கிருவோம். முதல்ல கதவத் தட்டிக் குடு.”

பரக்கத் நிஷா மேலப்பாளையத்துப் பிள்ளை. சாரிடம் ஆராய்ச்சி செய்கிறாள். விஷயம் இதுதான். சென்னையில் ஒரு அறக்கட்டளை இருக்கிறது. அவர்கள் ஆற்றுக்கு வடக்கே உள்ள சில ஊர்களுக்கு இரண்டு வருஷமாக ஒரு மினி பஸ் விட்டிருக்கிறார்கள். ஆற்றுக்குத் தெற்கே உள்ள ஊர்களுக்கு விடவில்லை. பஸ் வந்ததால் ஜனங்கள் வாழ்க்கை நன்றாக ஆயிற்றா இல்லையா என்று பரக்கத் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். ஆயிற்று என்றால் பஸ் ஓடும். இல்லை என்றால் மார்ச் கடைசியோடு நிறுத்திவிடுவார்கள்.

போன வாரம் தனியாகப் போனாளாம். ஒரு வீட்டிலும் கதவு திறக்கவில்லை. கையில் சிலேட்டு மாதிரி அந்த டேப்பை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை வந்து நின்றால் குழுக்கடன் வசூல் என்றுதானே நினைப்பாளுகள்? அதனால்தான் நான்.

என் வீட்டுக்காரர் பொங்கலுக்கு வந்துவிடுவேன் என்றார். திருப்பூரிலிருந்து வருகிற பஸ்ஸில் எல்லாம் கூட்டமாக இருந்திருக்கும். மகன் வீட்டில்தானே இருக்கிறார், என்ன அவசரம்.

ஜனவரி 22, புதன்

மினி பஸ்ஸிலேயே போனோம். எந்த பஸ்ஸைப் பற்றி ஆராய்ச்சியோ அதே பஸ். தெற்கே பஸ் கிடையாதே, அங்கே ஆல்பர்ட் தம்பி தன் பைக்கில் போகிறான். அந்தப் பக்கம் கடன் வசூல்காரர்கள் போவதில்லையாம், கதவு திறந்துதான் இருக்குமாம். அவனும் சாரிடம் படிக்கிறவன்தான். தங்கமான பிள்ளை. முகம் மட்டும் எழவு வீட்டுக்குப் போய்விட்டுக் குளிக்காமல் வந்த மாதிரி இருக்கும்.

“ஏந்தம்பி, பொண்ணு பாக்கப் போகும்போதாவது சிரிப்பியா?” என்று கேட்டேன்.

“சிரிப்பு வந்தா சிரிப்பேங்கக்கா” என்றான், அதே முகத்தோடு.

முதல் ஊர் நல்லிகுளம். முதல் வீட்டில் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு குரல்: “குழு லோனுன்னா அடுத்த வாரம் வாங்க! வீட்டுல ஆள் இல்ல!”

“ஆள் இல்லன்னு சொல்லுத ஆள் யாருட்டி?” என்றேன்.

உள்ளே களுக்கென்று சிரிப்பு. கதவு திறந்தது. தங்கபுஷ்பம் என்று பெயர். பீடித்தட்டோடு வந்து உட்கார்ந்தாள். பரக்கத் வரிசையாகக் கேட்டாள்: ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவீர்கள், பிள்ளை எங்கே படிக்கிறது, கடைக்கு யார் போவது. தங்கபுஷ்பம் விரலை நிறுத்தாமல் பீடியைச் சுருட்டிக்கொண்டே பதில் சொன்னாள். கடைசியில் பரக்கத் ஒரு அட்டையை எடுத்தாள். அதில் ஏணிப் படம்.

“இது ஒரு ஏணி. மொத்தம் பத்துப் படி. உச்சியில இருக்கிறது நீங்க வாழக்கூடிய ரொம்ப நல்ல வாழ்க்கை. அடியில இருக்கிறது ரொம்ப மோசமான வாழ்க்கை. இப்ப நீங்க எந்தப் படியில நிக்கிறீங்க?”

அப்போதுதான் பீடி சுற்றுகிற விரல் நின்றது. ஏணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“மூணு.”

“மூணா? ஏட்டி, வாசல்ல கறவை மாடு நிக்கி. மக பதினொண்ணாம் வகுப்பு. மூணாம் படியில நிக்கவ காதுல இம்மாம் பெரிய கம்மல் தொங்குமா?”

“எக்கா, பைய பேசுங்க. கண்ணு பட்டுரும்.”

“என் கண்ணு பட்டா நல்லா வருவ. போன வருஷந்தான் கண்ணாஸ்பத்திரியில கழுவித் தொடச்சுக் குடுத்த கண்ணு இது.”

தட்டில் இருந்த இலை எல்லாம் சிதறச் சிரித்தாள். “சரிக்கா, ஏழு போட்டுக்கோங்க. ஒங்க வாயில விழ முடியாது.”

பரக்கத் ஏழு போட்டாள்.

மகள் அனுசுயா மினி பஸ்ஸில்தான் டவுன் பள்ளிக்கூடம் போகிறாளாம். “பஸ் நின்னா அவளும் எங்கூடத் தட்டத் தூக்கிருவா, வேற என்ன செய்ய” என்றாள் தங்கபுஷ்பம். பரக்கத் குனிந்து டேப்பைப் பார்த்துக்கொண்டாள். பஸ் ஓடுமா நிற்குமா என்பது இந்த ஏணியில்தான் இருக்கிறது என்று கேள்வி கேட்கிற வீட்டில் சொல்லக் கூடாதாம். சொன்னால் எல்லாரும் பத்தாம் படியில் ஏறி நின்றுகொள்வார்களாம்.

நல்ல பிழைப்பு. ஏணியைக் காட்ட வேண்டும், எதற்கு என்று சொல்லக் கூடாது.

ஜனவரி 23, வியாழன்

கால் வலி. இரண்டு பேருக்கு வடித்துவிட்டேன், பழக்கத்தில். மிச்சத்துக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

ஜனவரி 28, செவ்வாய்

இன்று இரண்டு ஊர். ஜனங்கள் அந்த ஏணியை வைத்துப் பண்ணுகிற கூத்தைக் கேட்டால் வயிறு வலிக்கும்.

ஒரு தாத்தா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏணி எதுல சாத்தியிருக்கு?” என்று கேட்டார். “சாத்தாம ஏறச் சொல்லுதிய, விழுந்தா பல்கலைக்கழகம் தூக்குமா?” “தாத்தா, நீங்க ஏறுங்க, நான் பிடிச்சுக்கிடுதேன்” என்றேன். எட்டு என்றார். உடனே, எட்டு ஆகாது, ஒன்பது போடு என்றார்.

இன்னொருத்தி ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் என்றாள்.

“ஏழரையா? விளங்கிரும்!” என்றேன்.

“ஐயய்யோ, வேண்டாம் வேண்டாம், எட்டே போடுங்க” என்று கும்பிட்டாள்.

அவள் மாமியார் முறத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள். “அவ எட்டுன்னா எனக்கு ஒம்போது போடுங்க” என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் பரக்கத், “எக்கா, நீங்க வந்தப்புறம்தான் எல்லாரும் வாயத் தொறக்காங்க” என்றாள். அவளுக்கும் கொஞ்சம் நம்ம பேச்சு வருகிறது.

பிப்ரவரி 3, திங்கள்

துறையில் இன்று எல்லாருக்கும் உளுந்த வடை. சார் செலவு. வடக்கே எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் ஏழாம் படியாம். தெற்கே ஆல்பர்ட் கொண்டுவந்ததில் நாலாம் படியாம். ஏணியில் மூன்று படி வித்தியாசம் என்பது உலகத்தில் யாருக்கும் கிடைக்காத வித்தியாசம் என்று சார் துள்ளுகிறார். ஒரு பஸ் இவ்வளவு செய்யுமா என்று அவருக்கே ஆச்சரியம். கரும்பலகையில் இரண்டு கோடு போட்டார், ஒன்று நெட்டை, ஒன்று குட்டை.

“பஸ் ஓடுமா சார்?” என்றேன்.

“ஓடும், பறக்கும்!”

எனக்குத் தங்கபுஷ்பம் மகள் நினைவுதான் வந்தது. இன்னொரு வடை எடுத்துக்கொண்டேன்.

தெற்கே ஒரே ஒரு ஊர் பாக்கி இருக்கிறது. ஆலடிப்பத்து. அதையும் ஆல்பர்ட் முடித்துவிட்டால் வேலை முடிந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

ஆல்பர்ட் பைக்கிலிருந்து விழுந்துவிட்டான். காலில் மாவுக்கட்டு. போய்ப் பார்த்தேன். மாவுக்கட்டுப் போட்ட பிறகும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

அவனுக்குப் பதிலாக நானும் பரக்கத்தும் ஆட்டோ பிடித்து ஆலடிப்பத்துக்குப் போனோம். பஸ் வராத ஊர் என்றால் என்ன என்று இன்றுதான் பார்த்தேன். ரோடு என்று ஒன்று இருந்ததற்கு அடையாளம் மட்டும் இருக்கிறது. ஆட்டோக்காரர் என்னிடமும் என் முதுகிடமும் மன்னிப்புக் கேட்டார்.

ஆனால் ஜனங்கள் நல்ல ஜனங்கள். ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒரே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஏழு என்றாள். அவர் அஞ்சு என்றார்.

“ஒரே கட்டில்ல இருந்துக்கிட்டு ரெண்டு படி எறக்கத்துல இருக்கியளே அண்ணாச்சி, கழுத்து வலிக்கலியா?” என்றேன்.

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் அவரும் ஏழுக்கு வந்துவிட்டார். எல்லா வீட்டிலும் ஏழு, எட்டு. சந்தோஷமாகத் திரும்பினோம். அதாவது நான் சந்தோஷமாகத் திரும்பினேன். பரக்கத் வழி நெடுக டேப்பையே பார்த்துக்கொண்டு வந்தாள். கொண்டு போன ஆரஞ்சுப் பழத்தைக்கூட உரிக்கவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தவரைக்கும் எழுதுகிறேன்.

காலையில் டீ கொடுத்தபோது பரக்கத் கரும்பலகையைப் பார்த்தபடி நின்றாள். சார் போட்ட நெட்டைக் கோடும் குட்டைக் கோடும் இன்னும் அப்படியே இருந்தன.

“எக்கா, ஆலடிப்பத்துல பஸ் கெடையாது. ஆனா ஏழு வந்திருக்கு.”

“நல்லதுதானம்மா. நல்லா இருக்கட்டும்.”

“அப்ப வடக்க ஏழு வந்தது பஸ்ஸாலயா, உங்களாலயா?”

“என்னாலயா? நான் என்ன பஸ்ஸா?”

அவள் சிரிக்கவில்லை. உட்காரவைத்துச் சொன்னாள். பஸ் ஓடுகிற ஊருக்கெல்லாம் நாங்கள் பஸ்ஸில் போனோம். நான் போனேன், சிரித்தார்கள், மேலே ஏறினார்கள். பஸ் ஓடாத ஊருக்கெல்லாம் ஆல்பர்ட் பைக்கில் போனான். அவன் முகத்தைப் பார்த்தார்கள், கீழே இறங்கினார்கள். ஒரு பக்கம் பஸ்ஸும் நானும். மறு பக்கம் பஸ்ஸும் இல்லை, நானும் இல்லை. இதில் அந்த மூன்று படி யாருடையது?

“நீங்க போன ஒரே பஸ் இல்லாத ஊர் ஆலடிப்பத்து. அங்கயும் ஏழு.”

“நான் யாரையும் கூட்டிச் சொல்லச் சொல்லலியேம்மா. சும்மா வெளையாட்டுக்குப் பேசுதது.”

“தெரியும்க்கா. தப்பு உங்க மேல இல்ல. பஸ் இருக்குன்னு நாங்க சுளுவா பஸ்லயே போயிட்டோம். அதான் தப்பு.”

தப்பு என் மேல் இல்லை என்று நாலு தடவை சொன்னாள். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

சார் அறைக்கு டீ கொண்டு போனேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே போகிற மாதிரி பேச்சு இல்லை. தட்டோடு வெளியிலேயே நின்றேன்.

“அந்த ஒரு ஊர விட்டுரும்மா. ஆல்பர்ட் கால் சரியானதும் அவனே போயிட்டு வரட்டும்.”

“அவர் போனா நாலு வரும் சார்.”

“வரட்டுமே.”

“சார்…”

“இந்தா பாரு. பஸ்ஸால அந்தப் பிள்ளைங்களுக்கு நல்லது நடக்குதுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கணக்குல வரலங்கிறதுக்காக நிறுத்திருவாங்க. அதுக்கு நீயா பதில் சொல்லுவ?”

“தெரியும்னா அப்புறம் எதுக்கு சார் ஆராய்ச்சி பண்ணினோம்?”

சார் பேசியபோது சார் பேச்சு சரியாக இருந்தது. அவள் பேசியபோது அவள் பேச்சு சரியாக இருந்தது. நான் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. டீ ஆறிவிட்டது. திரும்பப் போய்ச் சுட வைத்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

சார் ஒத்துக்கொண்டுவிட்டார். அரை மனசுதான். இரண்டு கரையிலும் ஊர்ப் பெயரையும் வீட்டு எண்ணையும் சீட்டில் எழுதி, டீத்தூள் டப்பாவில் போட்டுக் குலுக்கினார்கள். வந்த வீடுகளுக்கு மறுபடி போக வேண்டும். இரண்டு பக்கமும் ஆட்டோதான். மினி பஸ் கிடையாது. நான் இல்லாமல் கதவு திறக்காது என்பதால் நானும் போக வேண்டும். ஆனால் நான் வாயைத் திறக்கக் கூடாது. “நாங்க காலேஜ்லருந்து வாரோம், லோன் இல்ல” என்பது மட்டும் சொல்லலாம். அதற்கு மேல் சிரிக்கவும் கூடாது, முறைக்கவும் கூடாது.

“அப்ப என்ன செய்ய?”

“சும்மா இருங்கக்கா. முகத்துல ஒண்ணும் இல்லாம.”

முகத்தில் ஒன்றும் இல்லாமல் எப்படி இருப்பது என்று வீட்டுக் கண்ணாடியில் பழகிப் பார்த்தேன். முதலில் ஆல்பர்ட் வந்தான். அப்புறம் என் பழைய ஓட்டர் அட்டைப் படம் வந்தது. அதற்கப்புறம் வந்த முகத்தை எனக்குப் பிடிக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

ஆலடிப்பத்து. அதே கயிற்றுக் கட்டில் வீடு சீட்டில் வந்திருந்தது. லோன் இல்லை என்று சொல்லிவிட்டு முகத்தில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்தேன். அந்த அம்மா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“என்ன மதினி, மேலுக்கு முடியலியா?”

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்பதற்கு ஆட்டினேனா ஆமாம் என்பதற்கு ஆட்டினேனா, எனக்கே தெரியவில்லை.

“வீட்டுல ஏதும் துக்கமா?” என்று அவள் பரக்கத்திடம் ரகசியமாகக் கேட்டாள்.

பரக்கத், “இல்லங்க, அவங்க… பேசக் கூடாது” என்றாள்.

“விரதமா?”

“அந்த மாதிரிதான்.”

கட்டிலில் இருந்த அண்ணாச்சி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மரியாதையாக எழுந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் மூன்று, மூன்று என்றார்கள். பக்கத்து வீட்டில் ஒரு கிழவர் இரண்டு என்றார். என்னைப் பார்த்து, “எல்லாம் அவன் விட்ட வழி தாயி” என்று தேற்றினார்.

போன தடவை ஏழில் நின்ற அதே ஆட்கள். பத்து நாளில் எந்த ஏணி இப்படிச் சரியும்? ஆட்டோவில் பரக்கத் தலையில் கைவைத்துவிட்டாள். சிரித்தால் மேலே போகிறது, சிரிக்காவிட்டால் கீழே போகிறது. நடுவில் அவர்களுடைய படி எங்கே இருக்கிறது?

“எம்மா, நான் வேணா முகத்த மூடிக்கிட்டு வரட்டா? ஒங்க உம்மாட்ட ஒரு புர்கா வாங்கித் தா” என்றேன்.

இத்தனை நாள் கழித்து இன்றுதான் சிரித்தாள். ஆட்டோக்காரரும் சிரித்தார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

நல்லிகுளம். டப்பாவில் தங்கபுஷ்பம் வீடும் வந்துவிட்டது. சீட்டை எடுத்தது என் கைதான்.

போகும்போதே நினைத்துக்கொண்டேன். இங்கே ஏழு வந்தால் பஸ்ஸுக்கு நல்லது. ஒரே ஒரு வார்த்தை போதும். கம்மலைப் பற்றி ஒரு வார்த்தை. பரக்கத் குனிந்து எழுதும்போது கண்ணைச் சிமிட்டினால்கூடப் போதும். கோழி தலையை நீட்டுகிற மாதிரி என் வாய்க்குள் அந்த வார்த்தை வந்து வந்து போயிற்று.

தங்கபுஷ்பம் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். “வாங்கக்கா! இன்னைக்கு ஆள் இருக்கேன்!” என்று அவளே முந்திக்கொண்டு சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. லோன் இல்லை என்றேன்.

அவள் சிரிப்பு அப்படியே பாதியில் நின்றது. பரக்கத் கேள்விகளைக் கேட்டு முடித்து ஏணி அட்டையை எடுத்தாள். தங்கபுஷ்பம் அட்டையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

“நீங்க சொல்லுங்கக்கா, நான் எத்தனாம் படி?”

சேலை முந்தியை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

“எக்கா, ஒங்க மூஞ்சியப் பாத்தா எனக்கே என்னமோ பண்ணுது. அண்ணாச்சி திருப்பூர்ல இருந்து வந்தாச்சா இல்லியா?”

போன தடவை பஸ்ஸுக்கு நிற்கும்போது பேச்சுவாக்கில் அதைச் சொல்லித் தொலைத்திருக்கிறேன் போலிருக்கிறது. நான் பதில் சொல்லவில்லை. பேசக் கூடாது என்பதுதானே விதி. விதிக்காகத்தான் பேசவில்லை.

தங்கபுஷ்பம் பீடித்தட்டைக் கீழே வைத்தாள். “நாலு போடுங்கம்மா” என்றாள்.

பரக்கத், “நீங்க உங்களப் பத்தி மட்டும் நினைச்சுச் சொல்லுங்க” என்றாள். அப்படித்தான் அச்சடித்த தாளில் இருக்கிறது.

“என்னப் பத்தித்தான் சொல்லுதேன். அக்கா இப்படி வந்து உக்காந்திருக்கும்போது நான் மட்டும் ஏழாம் படியில நிக்கேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? நாலு போடுங்க.”

வெளியே மினி பஸ் ஹாரன் அடித்தது. அனுசுயா ஒரு கையில் பையும் ஒரு கையில் பாதி இட்லியுமாக எங்களைத் தாண்டி ஓடினாள். பஸ் அவளுக்காக நின்றது. ஏறிக்கொண்டு அம்மாவுக்குக் கை காட்டினாள். எனக்கும் காட்டினாள்.

பரக்கத் நாலு போட்டாள்.

அந்த நாலு தங்கபுஷ்பத்தின் படியா, என் படியா? வரும் வழியில் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்தது சரியா, தப்பா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாதது பரக்கத்துக்காகவா, இல்லை தங்கபுஷ்பம் கேட்ட கேள்வியில் வாய் அடைத்துவிட்டதா?

மார்ச் 1, சனி

மகனுக்குப் போன் போட்டேன். அப்பா கடைக்குப் போயிருக்கிறார் என்றான். போன தடவையும் கடைக்குத்தான் போயிருந்தார். திருப்பூர்க் கடைகளில் நல்ல வியாபாரம் நடக்கிறது.

மார்ச் 10, திங்கள்

கணக்கு முடிந்தது. பரக்கத் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். வடக்கே கொஞ்சம் கூட இருக்கிறதாம். ஆனால் அந்தக் ‘கொஞ்சம்’ உண்மையா, குலுக்கின சீட்டில் வந்த யோகமா என்று சொல்ல முடியாதாம். முதல் தடவை அளந்தது என் சிரிப்பும் ஆல்பர்ட் முகமும். இரண்டாம் தடவை அளந்தது என் விரதம்.

“இத எழுதினா ஆராய்ச்சின்னு ஒத்துப்பாங்களாம்மா?”

“எழுதித்தான் ஆகணும்க்கா.”

சார் கரும்பலகையில் இருந்த இரண்டு கோட்டையும் அவரே அழித்தார். நெட்டைக் கோட்டை அழிக்கக் கொஞ்சம் அதிக நேரம் ஆயிற்று. அழித்துவிட்டு டஸ்டரை என்னிடம் கொடுத்தார். என் மேல் கோபமா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இந்தத் துறையில் எல்லாருமே முகத்தில் ஒன்றும் இல்லாமல் இருக்கப் பழகிவிட்டார்கள் போல.

மார்ச் 19, புதன்

ஆல்பர்ட்டுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. கையில் கம்பு. “எக்கா, என் முகம் அவ்ளோ மோசமாவா இருக்கு?” என்று கேட்டான். பாவமாகப் போயிற்று. “மூணு படி எறங்குத அளவுக்கு இல்லப்பா, ரெண்டரை இருக்கும்” என்றேன். சிரித்தான்! பல் வரிசை அவ்வளவு அழகாக இருக்கிறது. இதை ஜனவரியில் காட்டியிருந்தால் இத்தனை கஷ்டம் உண்டா?

மார்ச் 28, வெள்ளி

அறக்கட்டளை ஆட்கள் சென்னையிலிருந்து வந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு அம்மா. நரைத்த முடியைக் கத்தரித்துவிட்டிருந்த அந்த அம்மாதான் தலைவி.

பரக்கத் படம் போட்டு இங்கிலீஷில் பேசினாள். எனக்கு பிஸ்கட் தட்டுதான் பாஷை. முதலில் ஆண்கள் இரண்டு பேரும் எடுத்துத் தின்றார்கள். ஏணிப் படம் வந்ததும் நிறுத்தினார்கள். அப்புறம் யாரும் தட்டைத் தொடவில்லை. சரி, பஸ் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். டீ ஊற்றும்போது சார் சாஸரில் கொட்டிவிட்டேன்.

கடைசியில் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தமிழில் கேட்டார்.

“இதெல்லாம் இருக்கட்டும்மா. ஒரே வார்த்தையில சொல்லு. பஸ்ஸால அந்த ஜனங்களுக்கு நல்லது நடந்துச்சா, இல்லையா?”

சார் பரக்கத்தைப் பார்த்தார். ஆல்பர்ட் கம்பைப் பார்த்தான். பரக்கத் என்னைப் பார்த்தாள். நான் முகத்தில் ஒன்றும் இல்லாமல் நின்றேன். இந்தத் தடவை தானாகவே அப்படி வந்தது.

“தெரியல மேடம்” என்றாள்.

“தெரியலையா?”

“இப்ப தெரியல. நாங்க கேட்ட விதம் தப்பு. யார் கேட்டாங்கங்கிறதப் பொறுத்துப் பதில் மாறியிருக்கு. ஆமான்னு சொன்னாலும் பொய். இல்லன்னு சொன்னாலும் பொய்.”

ஆண்களில் ஒருவர் இதற்கா இரண்டு வருஷம் பஸ் விட்டோம் என்கிற மாதிரி பக்கத்து ஆளைப் பார்த்தார். அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, “இல்லன்னு சொல்லியிருந்தா நிறுத்தியிருப்போம். தெரியலன்னா நான் என்ன பண்றது?” என்று சாரிடம் கேட்டார்.

சார் நாற்காலி நுனிக்கு வந்தார். மனுஷன் அந்த ஒரு நொடியில் பத்து வயசு குறைந்த மாதிரி ஆகிவிட்டார்.

“தெரிஞ்சுக்கணும்னா பஸ் ஓடணும் மேடம். நின்னுபோன பஸ்ஸ எங்க போய் அளக்கிறது?”

“எவ்வளவு நாள்?”

“இன்னும் ஒரு வருஷம். இந்தத் தடவை சரியாக் கேப்போம்.”

அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அதுவும் சரிதான்” என்றார். என்றுவிட்டு, கையை நீட்டி ஒரு பிஸ்கட் எடுத்துக் கடித்தார்.

எனக்கு இன்னும் விளங்கவில்லை. வடை வாங்கித் தின்றுகொண்டு துள்ளிய ‘ஆமாம்’ பொய்த்ததும் ஆபத்தில் விழுந்த பஸ், ‘தெரியவில்லை’ என்று சொன்னதும் ஓடுகிறது. இதற்கு ஏதாவது பெயர் இருக்கும். படித்தவர்கள் வைத்திருப்பார்கள்.

எல்லாரும் போன பிறகு நான் கப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பரக்கத் மட்டும் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸுக்கு ஒரு வருஷம் என்றால் அவள் படிப்புக்கும் இன்னொரு வருஷம். ஜூனில் முடித்துவிடுவாள் என்று அவள் வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

“ஒங்க வாப்பா என்ன சொல்லுவாவ?”

“திட்டுவாங்க. அப்புறம் டீ குடிப்பாங்க” என்றாள். சிரித்தாள், கண் கலங்கியிருந்தது. எது முந்தி வந்தது என்று தெரியவில்லை.

பிறகு பையிலிருந்து ஏணி அட்டையை எடுத்தாள். மூலை எல்லாம் மடங்கி, எங்கேயோ ஒரு வீட்டுச் சாம்பார்க் கறையோடு இருந்தது. அதை மேசையில் எனக்கு நேராகத் திருப்பி வைத்தாள்.

“எக்கா, எல்லாரையும் கேட்டோம். உங்கள யாரும் கேக்கலையே. நீங்க எந்தப் படியில நிக்கிய?”

சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்டாள். நானும் விளையாட்டாகப் பத்து என்று சொல்ல வாயெடுத்தேன். உச்சியில் நின்றால் ஒட்டடை அடிக்க வசதி என்று சொல்லலாம் என்று இருந்தேன். அட்டையை இத்தனை வீட்டில் அடுத்தவர்கள் கையில்தான் பார்த்திருக்கிறேன். நேராக எனக்கு முன்னால் இருந்தபோது அது வேறே படம் மாதிரி இருந்தது. விரலை வைத்தேன். எடுத்தேன். என்னைக் கேலி செய்து மேலே ஏற்றிவிட எதிரில் என்னை மாதிரி ஒருத்தி இல்லை.

“தெரியலம்மா” என்றேன். “இன்னும் ஒரு வருஷம் ஓடட்டும், பாப்போம்னு எழுதிக்கோ.”

பரக்கத் நாற்காலியிலிருந்து விழுகிற மாதிரி சிரித்தாள். நானும் சிரித்தேன். கப்புகளை எடுத்துக்கொண்டு போனேன்.

வீட்டுக்கு வந்து இன்று ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி களைந்தேன். அளவு பிடிபடவில்லை. குழைந்துவிட்டது.